ரோச் பெயரில் ஓர் ஈசிஜி

அத்தியாயம் 17

போன வாரம் ரோச்சை மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். தொட்டி நிரம்பி வழிகிறதே என்று வால்வை மூடப் போன மனிதர், எட்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழேயிருந்து மனைவி பிளாரன்ஸ் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சும்மா இருக்கேன்" என்று பதில் வந்தது. தண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

அது செவ்வாய்க்கிழமை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நடுவில் அவர் சொல்லாத சாக்கு இல்லை. சளி என்றார், வாயு என்றார், ஞாயிற்றுக்கிழமை தின்ற நண்டு என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையவில்லை. செருப்பு சுருங்கிவிட்டது என்றார். அதற்குமேல் பிளாரன்சால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

ரோச்சுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருசமாகச் சரக்குக் கப்பல் வேலை, அதில் கடைசிப் பத்து வருசம் போசன். மேல்தளத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரி. அடுத்த மாதம் மறுபடியும் ஏறச் சொல்லிக் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. ஏற வேண்டுமானால் மெடிக்கல் சர்டிபிகேட்டைப் புதுப்பிக்க வேண்டும். பழையது இரண்டு வருசம் ஓடி முடிந்துவிட்டது. அந்தப் பழைய சர்டிபிகேட்டைப் பற்றி யார் எடுத்தாலும் பிளாரன்ஸ் பேச்சை மாற்றிவிடுவாள். ஏன் என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

காலை ஒன்பதரைக்கு டாக்டர் ஜெயபிரியாவின் அறைக்குள் மூன்று பேராகப் போனார்கள். மூன்றாவது ஆள் ரோச்சின் தம்பி கிளைட்டன். துறைமுகத்தில் சரக்குக்குச் சுங்கப் பேப்பர் முடித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. அண்ணனுக்கு ஏழு வயது இளையவன், ஆனால் முகம் அச்சு அசல் அதேதான். மூக்கு, புருவம், முன்வழுக்கை உட்பட. அண்ணனின் கப்பல் பேப்பர்கள் இருந்த பிளாஸ்டிக் ஃபைலைக் கையில் வைத்திருந்தான்.

டாக்டர் தெற்கே நாசரேத் ஊர்க்காரி. நாற்பது வயது இருக்கும். அவசரப்படாமல் கேட்டார்.

"நடக்கும்போது மூச்சு வாங்குதா அண்ணாச்சி?"

"இல்ல டாக்டர்."

"படி ஏறும்போது?"

"இல்ல."

"மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதா? ராத்திரி திடீர்னு முழிச்சு எந்திரிச்சு உக்காருதீங்களா?"

"அதெல்லாம் இல்ல."

"கால் வீக்கம், நெஞ்சு வலி, படபடப்பு?"

"இல்ல, இல்ல, இல்ல."

மூன்றாவது 'இல்ல'வுக்கு அவருக்கு மூச்சே போதவில்லை.

இதில் ரோச்சை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கப்பல்காரர்கள் வீட்டில் டாக்டர் என்றால் வைத்தியம் பார்க்கிறவர் இல்லை, கையெழுத்துப் போடுகிறவர். அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் இல்லை என்று சொன்னால் கப்பல். ஒரே ஒரு 'ஆமா' சொன்னால் வீடு. முப்பது வருசத்தில் எத்தனையோ மெடிக்கலில் ரோச் இந்தப் பாடத்தை ஒப்பித்திருக்கிறார். இன்றைக்கு வந்திருப்பது கப்பலுக்காக இல்லை என்று அவர் மூளைக்குத் தெரியும். வாய்க்குத்தான் தெரியவில்லை.

பிளாரன்ஸ் இருக்கையின் நுனிக்கு வந்தாள்.

"மூணு தலகாணி வச்சுப் படுக்காரு டாக்டர். போன மாசம் ரெண்டு. முந்தாநாள்ல இருந்து அதுவும் இல்ல, ஹால்ல சேர்லதான் தூக்கம். படுத்தா இருமல் வருது. பாத்ரூம் போயிட்டு வந்தாலே வேர்த்துக் கொட்டுது. சாப்பாடு ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்கு. ஆனா எடை மட்டும் ஏறிருக்கு."

"எத்தனை கிலோ?"

"ஏழு. ஒரு மாசத்துல."

"ஏளா, நீ ஒருத்தி," என்று ரோச் முணுமுணுத்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, நான் கப்பல் டாக்டர் இல்ல. என் கையெழுத்த வச்சு நீங்க எந்தக் கப்பலும் ஏற முடியாது. அதனால என்கிட்ட பொய் சொல்லி உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல."

ரோச் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக முடிந்தது.

மூன்றாவது தலையணையைக் கடைக்குப் போய் வாங்கி வந்தவளே பிளாரன்ஸ்தான். இலவம்பஞ்சு, பூப்போட்ட உறை. வயசான காலத்தில் மனிதர் சொகுசாகப் படுக்கட்டும் என்று நினைத்தாள். அது சொகுசு இல்லை, மூச்சுக்காகப் போட்ட முட்டு என்று இப்போது டாக்டர் எழுதிக்கொள்வதைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

கட்டிலின் தலைமாட்டைச் சாய்வாக உயர்த்தி, ரோச்சை அதில் சாய்த்தார்கள். டாக்டர் அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்தி, கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தார். விரல் பதிந்த இடத்தில் குழி விழுந்து, நிரம்பாமல் அப்படியே கிடந்தது. இடது பக்கம் தலையைத் திருப்பச் சொல்லி, கழுத்தின் வலது பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். நரம்பு காதுமடலுக்குப் பக்கம் வரை ஏறித் துடித்தது. வலது விலாவுக்குக் கீழே வயிற்றை மெதுவாக அழுத்தினார். கழுத்து நரம்பு இன்னும் புடைத்தது.

"கல்லீரல் வீங்கிருக்கு. அதான் பசி இல்ல," என்றார் டாக்டர். பிறகு முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மேலிருந்து கீழாக நகர்த்திக்கொண்டே வந்தார். அடிமுதுகுக்கு வந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டார்.

"என்ன டாக்டர் கேக்கு?" என்றாள் பிளாரன்ஸ்.

"தண்ணி. நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். இதயம் இழுத்துப் பிடித்து வேலை பார்த்தால் ரத்தத்தில் ஒரு பொருள் கூடுமாம். அதை அளந்து பார்த்தால் மூச்சு முட்டுவது நுரையீரலாலா இதயத்தாலா என்று ஓரளவு தெரியுமாம். அப்புறம் ஈசிஜி. ரோச் சட்டையைக் கழற்றிப் படுக்க, நெஞ்சிலும் கைகால்களிலும் ஒயர்களை மாட்டினார் டெக்னீஷியன் ஜெர்லின். பாதிச் சாய்வில்தான் படுக்க முடிந்தது. ஜன்னலோரம் நின்ற கிளைட்டன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிளாரன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈசிஜி கட்டிலை நேருக்கு நேர் பார்க்க இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை.

பதினொன்றரை மணிக்கு டாக்டர் எல்லாவற்றையும் மேசையில் விரித்தார். எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கூட்டின் அகலத்தில் பாதிக்கு மேல் இதயத்தின் நிழலே இருந்தது.

"ரத்த டெஸ்ட் வந்திருச்சு. இவர் வயசுக்குத் தொள்ளாயிரத்தத் தாண்டினாலே யோசிக்கணும். இவருக்கு ஏழாயிரத்துச் சொச்சம். இது ஹார்ட் ஃபெயிலியர்தான் அம்மா."

பிளாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. இதயம் நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்ல. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்த அதால தள்ள முடியல. தள்ள முடியாதது பின்னால தேங்குது. நுரையீரல்ல தேங்கினா மூச்சு முட்டும், கால்ல தேங்கினா வீங்கும்."

"பில்ஜ் பம்ப்பு வீக்கான மாதிரி," என்றார் ரோச். கப்பலின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கிற பம்ப்பைச் சொன்னார். இதுவரை டாக்டர் சொன்னதில் அவருக்கு முழுசாக விளங்கியது இது ஒன்றுதான்.

"அதேதான் அண்ணாச்சி. பம்ப் ஏன் வீக்காச்சுன்னுதான் இப்ப கண்டுபிடிக்கணும்." டாக்டர் ஈசிஜி தாளை எடுத்தார். "இதுல அலை அகலமா இருக்கு. இடது பக்கம் கரண்ட் போற பாதை அடைபட்டிருக்கு. இது பழசா, புதுசாங்கறதுதான் கேள்வி. முன்னால எடுத்த ஈசிஜி ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு டாக்டர்," என்று கிளைட்டன் ஃபைலைத் திறந்தான்.

நீட்டிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கை பாதி வழியில் நின்றது. டாக்டர் அதற்குள் தாளை வாங்கிவிட்டார்.

இரண்டு வருசத்துக்கு முந்தைய ஈசிஜி. மேலே தெளிவாக டைப் அடித்திருந்தது: ரோச், வயது 54.

இனி அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருசம் மகள் விஜிலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்னும் ஒரு கான்ட்ராக்ட், ஒன்பது மாதம், ஏறி இறங்கிவிட்டால் எல்லாம் நிம்மதியாக முடியும் என்று பிளாரன்ஸ் கணக்குப் போட்டிருந்தாள். மெடிக்கலுக்கு முந்தின நாள் ரோச் துறைமுகத்துக்குப் போகிற வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கியதைக் கிளைட்டன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஈசிஜியில் ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது? ரத்தம் கொடுப்பதும், கண் பார்ப்பதும் ரோச்சே செய்துகொள்ளலாம். ஈசிஜி மட்டும்தானே? ஐந்து நிமிசம் படுத்து எழுந்தால் போதும். "ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. நீ படுத்து எந்திரிச்சிரு கிளைட்டா" என்று சொன்னது பிளாரன்ஸ்தான். வேறு யாரும் சொல்லவில்லை.

அது துறைமுகம் பக்கம் ஒரு சின்ன கிளினிக். கூட்டம் எக்கச்சக்கம். ரோச் என்று கூப்பிட்டார்கள், கிளைட்டன் எழுந்து உள்ளே போனான். ரோச் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஃபிட் என்று சீல் குத்திய பேப்பர் கைக்கு வந்ததும் மூன்று பேரும் பொரிச்ச பரோட்டா தின்றார்கள். பிளாரன்ஸ் அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சர்டிபிகேட்டை வைத்து ரோச் இரண்டு கப்பல் ஏறி இறங்கிவிட்டார்.

டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"பழையது ரொம்பச் சுத்தமா இருக்கு. ஒரு குறை சொல்ல முடியாது. அப்ப இந்த அடைப்பு புதுசு." ரோச்சைப் பார்த்தார். "அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. இந்த ஒரு வாரத்துல நெஞ்சு வலி வந்ததா? கனமா, அமுக்குற மாதிரி? கை, தாடைன்னு எங்கயாச்சும் பரவிச்சா?"

"இல்ல டாக்டர்."

"இத நம்பலாமா?"

 ரோச் உண்மையாகவே வலி இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் காலையிலிருந்து அள்ளிவிட்ட 'இல்ல'களுக்கு நடுவே இந்த ஒன்றை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்து யார் நம்புவார்கள்?

"மாரடைப்புக்கான ரத்த டெஸ்ட் கொஞ்சமாத்தான் ஏறிருக்கு. அத மட்டும் வச்சு விட முடியாது," என்றார் டாக்டர். "ஈசிஜி ரெண்டு வருசத்துல இப்படி மாறிருந்தா, ரத்தக்குழாய் இப்பதான் அடைபட்டிருக்கலாம். இங்க ஆஞ்சியோ வசதி இல்ல. திருநெல்வேலிக்கு அனுப்பணும், உடனே."

"உடனேன்னா?"

"ஆம்புலன்ஸ் சொல்லுதேன். ஆனா அம்மா, இதுல ரிஸ்க் இருக்கு. கிட்னியும் லேசா அடி வாங்கிருக்கு, ஆஞ்சியோவுக்கு ஏத்துற மருந்து அதுக்கு ஆகாது. படுக்கவே முடியாதவர மல்லாக்கப் படுக்க வைக்கணும். அவசரம் இல்லேன்னா நானே வேண்டாம்பேன். அவசரம்னு இந்தப் பேப்பர் சொல்லுது."

ஆம்புலன்ஸ் தயாராகிற நேரத்தில் எக்கோ பார்த்துவிடலாம் என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். வழியில் கிளைட்டன் பிளாரன்சின் முழங்கையைத் தொட்டான்.

"மைனி," என்றான் அண்ணியிடம் தணிந்த குரலில். "ஒண்ணும் சொல்லிராதீய. கம்பெனிக்குத் தெரிஞ்சா அண்ணன் கப்பல் புக்கையே முடக்கிருவான். ஆள் மாறாட்டம்னு கேசாச்சுன்னா எனக்கு ஹார்பர் பாஸ் போயிரும். திருநெல்வேலில பெரிய டாக்டர் இருக்காவ, அவுக பாத்துக்கிடுவாவ."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் துறைமுக கேட்டைத் தாண்ட முடியாது. கேட்டைத் தாண்ட முடியாதவனுக்கு கிளியரிங் ஆபீசில் என்ன வேலை? அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். பிளாரன்ஸ் முழங்கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள், அவனும் பின்னாலேயே வந்தான்.

அறை இருட்டாக இருந்தது. ரோச்சை இடது பக்கம் சாய்த்து முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, டாக்டர் அவர் நெஞ்சில் ஜெல்லைத் தடவி கருவியை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

"இதான் இதயம்," என்றார் டாக்டர்.

முப்பது வருசம் கூடக் குடித்தனம் நடத்திய மனிதரின் இதயத்தைப் பிளாரன்ஸ் அப்போதுதான் பார்த்தாள். சினிமாவில் காட்டுகிற மாதிரி அது சுருங்கி விரியவில்லை. பெரிசாக, ஊதிப்போய், சுவர் அசைகிறதா இல்லையா என்று தேட வேண்டிய அளவுக்குத்தான் அசைந்தது. அவளுக்கு அழுகை வந்தது. நல்லவேளை இருட்டு.

டாக்டர் திரையில் கோடு இழுத்து இழுத்து அளந்தார். "ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்துல இருக்க ரத்தத்துல நூத்துக்கு அம்பத்தஞ்சு, அறுபது பங்கு வெளிய போகணும். இவருக்கு இருபத்தஞ்சுதான் போகுது." மறுபடியும் அளந்தார். பிறகு கையை நிறுத்திவிட்டு, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "அறை விரிஞ்சு கெடக்கு. சுவர் எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல மெலிஞ்சிருக்கு. ஒரு குழாய் அடைச்சா ஒரு பக்கம்லா படுக்கணும்? இது ஒரு வாரத்துல ஆனது மாதிரி இல்ல. வருசக்கணக்கு. ஆனா ரெண்டு வருசம் முந்தி ஈசிஜி அவ்வளவு சுத்தமா இருக்கு. படம் ஒண்ணு சொல்லுது, பேப்பர் ஒண்ணு சொல்லுது."

கதவைத் தட்டி ஜெர்லின் எட்டிப் பார்த்தார். "மேடம், ஆம்புலன்ஸ் வந்திருச்சு."

"நீங்க எத நம்புவீங்க டாக்டர்?" என்று பிளாரன்ஸ் கேட்டாள்.

"தப்பா போனா எது ஆபத்தோ அதத்தான் நம்பணும். பேப்பர நம்பி அனுப்புதேன்."

"மைனி," என்றான் கிளைட்டன்.

பிளாரன்ஸ் அவனைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த கணவனையும் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் பேப்பர் இவருது இல்ல டாக்டர்."

"எது?"

"அந்த ஈசிஜி. பேர்தான் இவருது. படுத்தது இவன், இவரு தம்பி. நான்தான் படுக்கச் சொன்னேன்."

டாக்டரின் கை ரோச்சின் நெஞ்சிலேயே இருந்தது. ஜெர்லின் வாசலில் நின்றபடியே நின்றார். கிளைட்டன் சுவரில் சாய்ந்துகொண்டான். 

"ரெண்டு வருசம் முன்னால இவருக்கு மூச்சு வாங்கிச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"வாங்கிச்சு."

"அதனாலதான் மாத்தினீங்க."

"ஆமா."

டாக்டர் திரும்பி ஜெர்லினிடம், "ஆம்புலன்ஸ் வேண்டாம்னு சொல்லிருங்க. வார்டுல பெட் போடுங்க, ஆக்சிஜன் வைங்க, தண்ணி இறங்க ஊசி போடணும்," என்றார். பிறகு பிளாரன்சிடம் சொன்னார். "அப்ப படம் சொல்லுததுதான் சரி, இது நாள்பட்ட பாதிப்பு. முதல்ல தண்ணிய இறக்குவோம், மாத்திரை தொடங்குவோம். மாரடைப்பு டெஸ்ட்ட மறுபடி எடுத்துப் பாத்துக்கிடுதேன், ஏறாம இருந்தா ஆஞ்சியோவ கிட்னி தேறின பிறகு நிதானமாப் பண்ணலாம். இப்ப சொன்னதுக்கு நன்றி அம்மா. ஆனா அன்னைக்கே இவரப் படுக்க வச்சிருந்தீங்கன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்காவிட்டால் என்ன? மீதியைப் பிளாரன்ஸ் தனக்குள் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாயிற்று. அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள், மாத்திரை கொடுத்திருப்பார்கள், இரண்டு வருசம் அந்த இதயம் கப்பலைக் கரையில் கட்டுகிற மூரிங் கயிறு இழுத்திருக்காது.

டாக்டர் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, "உங்க அப்பா எப்படித் தவறினாங்க?" என்று கேட்டார். கேள்வி ரோச்சுக்குத்தான். பார்வை கிளைட்டன் மேலும் போனது.

"தோணில போகும்போது. கொழும்புக்கு. அம்பத்தொரு வயசு," என்றார் ரோச். "தூங்கினவரு எந்திரிக்கல. கடல் காத்து அடிச்சுப்போட்டுன்னு சொன்னாவ."

"அவருக்கும் கால் வீங்குமா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 

"சில குடும்பத்துல இது ரத்தத்துலயே வரும்," என்றார் டாக்டர். "தம்பி, நீங்களும் எக்கோ எடுக்கணும். இன்னைக்கே எடுத்துருவோம், மெஷின் சும்மாதான் இருக்கு."

"எனக்கு எதுக்கு டாக்டர்? என் ஈசிஜிதான் சுத்தமா இருக்கு, நீங்களே சொன்னீய."

"அது ரெண்டு வருசத்துக் கதை. ஈசிஜி சுத்தமா இருந்தா இதயம் சுத்தமா இருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது."

"ஹார்பர்ல ஒரு கன்டெய்னர் நிக்கி டாக்டர். கூட வேல பாக்குற மெல்வின் தனியா கெடந்து முழிப்பான். பாத்துட்டு வந்திருதேன்," என்று சொல்லிக்கொண்டே கிளைட்டன் கதவைத் திறந்தான். ஃபைலைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு ரோச்சின் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. ஊசி வேலை செய்ததில் பக்கத்தில் தொங்கிய, சிறுநீர் வடிகிற பை இரண்டு தடவை நிரம்பி, இரண்டு தடவையும் நர்ஸ் அளந்து எழுதிக்கொண்டு போனார். பிளாரன்ஸ் அதற்குள் கிளைட்டனுக்கு ஆறு தடவை போன் போட்டுவிட்டாள். மணி அடித்து ஓய்ந்ததே தவிர எடுக்கவில்லை.

ரோச் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். விரல் வைத்த இடத்தில் இன்னும் குழி விழுந்தது.

"என்னைய மன்னிச்சிருங்க," என்றாள்.

"எதுக்கு?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எதுக்குன்னு தெரியாதா? நான்தான ஒங்களக் கப்பல்ல ஏத்திவிட்டேன்."

ஆக்சிஜன் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டார்.  பிறகு பேசினார், இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி.

"அன்னைக்கு அந்த பெஞ்சுல இருந்தேம்லா. உள்ள போய்ப் படுக்கணும்னுதான் நான் வீட்ட விட்டே கிளம்பினேன். படுத்தா அந்த மெஷின் காட்டிக் குடுத்துரும்னு தெரியும். அன்ஃபிட்னு எழுதிருவான், ஏற வேண்டாம், வீட்டுல இருந்துரலாம்னு நெனச்சேன். வழியில போய்க்கிட்டே இருக்கும்போதுதான் நீ கிளைட்டனப் படுக்கச் சொன்ன."

பிளாரன்ஸ் அவர் காலிலிருந்து கையை எடுத்தாள்.

"வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. எனக்கு முடியல, போகலன்னு."

"எப்பிடிச் சொல்ல? புள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கு. எனக்குப் பயமா இருக்குன்னு போசன் சொல்லுவானா? மெஷின் சொல்லட்டும்னு இருந்தேன். அது சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்புறம் பேப்பரு வந்துட்டு. பரோட்டாக் கடையில நீ அப்பிடிச் சிரிச்ச. அதுக்கப்புறம் எங்க சொல்ல?"

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. தான் கணவனுக்காகப் பொய் சொன்னதாக இரண்டு வருசம் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்ல நினைத்த ஒரே உண்மையின் வாயை அல்லவா அடைத்திருக்கிறாள்.

ரோச் அவளை அழவிட்டார். பிறகு, "கிளைட்டன எங்க?" என்று கேட்டார்.

டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். விழுங்கிக்கொண்டாள்.

"போயிட்டான். டாக்டரு எக்கோ எடுக்கணும்னதும் ஹார்பர்ல வேலன்னு கிளம்பிட்டான். போன எடுக்க மாட்டேங்கான்."

ரோச் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

"அவனும் ரெண்டு தலகாணி வைக்கான்," என்றார்.

"யாரு சொன்னா?"

"நான் பாத்தேன். போன மாசம் அவன் வீட்டுல படுத்தேம்லா. கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னான்." அந்த 'ஒண்ணுமில்ல' எந்தக் கடையில் வாங்கியது என்று ரோச்சுக்குத் தெரியாதா?

பிளாரன்ஸ் எழுந்து நின்றாள்.

"நீ போ," என்றார் ரோச். "நான் சொன்னா வர மாட்டான். நீ சொன்னா வருவான். அன்னைக்கும் நீ சொல்லித்தான வந்தான்." அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிடியில் பலம் இல்லை.

"இந்தத் தடவ அவன் பேருக்கே எடு, பிளாரன்சு."